வைகைக் கரை மல்லிகை – 9: இறங்கும் முள்

சென்ற வாரம் 1858-ல் நிறுத்தியிருந்தோம். மெட்ராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரர் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் மதுரைக்கு வந்து கோயிலையும் புது மண்டபத்தையும் நாயக்கர் மகாலையும் தெப்பக்குளத்தையும் காகித நெகட்டிவில் பதிந்துகொண்டு போனார். அந்தக் காலத்துக் கேமராவுக்கு முன்னால் நெடுநேரம் அசையாமல் நிற்க வேண்டும். கல் நின்றது, பதிவானது. பூக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தவர்கள் நிற்கவில்லை.

அவர்கள் சுமந்த பூவைப் பற்றிய ஒரு கேள்வியோடு பிரிந்தோம். மதுரையில் பூவின் விலையைச் சொல்வது யார்?

இந்த வாரம் அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்ட வேண்டியிருக்கிறது. நம் பூச்சந்தையை யாரும் அசையும் படமாக எடுத்துவைக்காத காலத்திலேயே, தங்கள் பூவையும் வயலையும் வேலையாட்களையும் படச்சுருளில் பிடித்துவைத்த ஒரு தேசம் உண்டு. தூத்துக்குடியையும் நாகப்பட்டினத்தையும் 1658-ல் போர்த்துகீசியரிடமிருந்து பறித்த அதே டச்சுக்காரர்களின் தேசம்.

✽

நெதர்லாந்தின் பழைய படச்சுருள்களுக்கு இரண்டு பெரிய வீடுகள் இருக்கின்றன. ஒன்று ஆம்ஸ்டர்டாமின் ஐ திரைப்பட அருங்காட்சியகம். மற்றது ஹில்வர்சம் நகரின் ஒலி ஒளிக் காப்பகம். போலிகோன் என்ற செய்திப்பட நிறுவனத்தின் சுருள்கள் ஹில்வர்சமில் இருக்கின்றன. போலிகோன் 1919-ல் தொடங்கப்பட்ட ஊர் ஹார்லெம். துலிப் வயல்கள் அந்த ஊரின் எல்லையிலேயே ஆரம்பித்துவிடும்.

அந்தக் காலத்துச் சுருள் நைட்ரேட்டில் செய்தது. பொசுக்கென்று தீப்பிடிக்கும். தப்பினால் தானாகவே பிசுபிசுத்துப் பொடியாகிப்போகும். 2007-க்கும் 2014-க்கும் இடையில் டச்சு அரசு பெரும் பணம் ஒதுக்கி, பல்லாயிரம் மணி நேரப் பழம்படங்களைத் துடைத்து, ஒட்டி, டிஜிட்டலாக்கியது.

வண்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1910 வாக்கில் வந்த சில மலர்ப் படங்கள் வண்ணத்தோடு இருக்கும். அது கேமரா கண்ட நிறமல்ல. பிரான்சின் பதே நிறுவனத்தில் பெண்கள் வரிசையாக அமர்ந்து, ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி அச்சுத்தாள் வெட்டி, அதன் வழியே பிரதிகளுக்குச் சாயம் ஏற்றினார்கள். மீட்டெடுப்பவர்கள் அந்தச் சாயத்தையும் வரலாறாகவே மதித்துக் காப்பாற்றுகிறார்கள். கைபேசியில் இன்று வலம்வரும், கணினி தானாக நிறம் பூசிய பழைய காட்சிகளை இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். அங்கே நிறம் வெறும் ஊகம்.

இனி படத்துக்குள் போவோம்.

கண்ணுக்கெட்டிய தூரம் வரை பாய் விரித்ததுபோலப் பூ. வரிசைகளுக்கு நடுவே ஆட்கள் குனிந்து நகர்கிறார்கள். குனிந்து பறிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே பார்ப்போம். பூவைக் கூடையில் அடுக்குவார்கள், வண்டியில் ஏற்றுவார்கள், சந்தைக்குப் போகும் என்று காத்திருப்போம்.

போவதில்லை. நன்றாக மலர்ந்த துலிப்பின் தலையைக் கிள்ளி எறிகிறார்கள். குவியல் குவியலாகக் கிடக்கிறது. குப்பையாக அள்ளிக்கொண்டு போகிறார்கள்.

உசிலம்பட்டியிலோ திருமங்கலத்திலோ பூந்தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் இதைப் பார்த்தால் வயிறு எரியும். ஒரு கிலோ மல்லிகைக்கு ஆயிரக்கணக்கான மொட்டுகளை ஒவ்வொன்றாகக் கிள்ளிச் சேர்ப்பவர் அவர்.

ஆனால் டச்சுக்காரர் அங்கே நட்டப்படவில்லை. அவருடைய சரக்கு மண்ணுக்குள் இருக்கிறது. பூவைக் கிள்ளினால் செடியின் சத்தெல்லாம் கிழங்கில் இறங்கும், கிழங்கு பெருக்கும். கோடையில் தோண்டி, தோல் உரித்து, தரம் பிரித்து, தட்டுகளில் உலர்த்திக் கப்பலேற்றலாம். மாதக்கணக்கில் கெடாது. 1944–45 குளிர்காலத்தில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கீழ் மேற்கு நெதர்லாந்து பட்டினியில் கிடந்தபோது, மக்கள் அந்தக் கிழங்கை வேகவைத்துத் தின்றும் உயிர் பிழைத்தார்கள்.

வைத்திருக்க முடிந்த பொருளைப் பற்றி வாக்குக் கொடுக்கலாம். நாளைக்குத் தருகிறேன், அடுத்த கோடையில் தருகிறேன் என்று சொல்லலாம். அந்த வாக்கையே விற்கலாம். எல்லாம் அங்கேதான் தொடங்கியது.

✽

1636.

மதுரையில் திருமலை நாயக்கர் தன் மகாலைக் கட்டிய ஆண்டாக இதையே குறிக்கிறார்கள். தடித்த தூண்கள் எழும்பிக்கொண்டிருந்தன. பூக்கள் நந்தவனத்திலிருந்து சன்னதிக்குப் போய்க்கொண்டிருந்தன. நான்காவது பகுதியில் பார்த்தோம், அங்கே பூவுக்கு விலை கிடையாது, மானியம் உண்டு.

அதே ஆண்டின் குளிர்காலத்தில் ஹார்லெமின் மதுக்கூடங்களில் நெசவு முதலாளிகளும் வியாபாரிகளும் கைத்தொழிலாளர்களும் கூடி உட்கார்ந்து துலிப் வாங்கினார்கள், விற்றார்கள். மேசை மேல் ஒரு கிழங்குகூட இல்லை. எல்லாம் பனி மூடிய மண்ணுக்கடியில் கிடந்தன. கைமாறியது காகிதம். ஒருவர் எழுதிக்கொடுத்ததை இன்னொருவர் கூடுதல் விலைக்கு வாங்கி, மூன்றாமவரிடம் அதைவிடக் கூடுதலாகத் தள்ளினார். இதற்கு டச்சுக்காரர்களே வைத்த பெயர் காற்று வியாபாரம்.

1637 பிப்ரவரி முதல் வாரம். ஹார்லெமில் வழக்கம்போல ஒரு ஏலம். விற்பவர் விலை சொன்னார். யாரும் வாய் திறக்கவில்லை. விலையைக் குறைத்தார். அப்போதும் ஒருவரும் கேட்கவில்லை.

செய்தி உடனே எல்லா ஊருக்கும் போய்விடவில்லை. பிப்ரவரி 5 அன்று சற்று வடக்கே அல்க்மார் நகரில், இறந்துபோன ஒரு மதுக்கூட உரிமையாளரின் அநாதைக் குழந்தைகளுக்காக அவர் விட்டுச்சென்ற துலிப்புகளை ஏலம் விட்டார்கள். மொத்தம் 90,000 கில்டர் அளவுக்கு விலைபோனது. துலிப்பின் உச்சமும் சரிவும் ஒரே வாரத்தில், ஒருநாள் பயணத் தொலைவில் நடந்தன.

இதன் பிறகு நாடே நாசமானது, வியாபாரிகள் கால்வாயில் குதித்தார்கள் என்று ஒரு கதை உண்டு. 1841-ல் சார்லஸ் மெக்கே எழுதிய புத்தகம் அதை உலகெங்கும் பரப்பியது. பத்திரப் பதிவுகளைத் தோண்டிப் பார்த்த வரலாற்றாசிரியர் ஆன் கோல்ட்கார் 2007-ல் வேறு படம் காட்டினார். வாங்கியவர்கள் பெரும்பாலும் வசதியுள்ளவர்கள். அவர்களில் திவாலானவர்களைத் தேடினால் அநேகமாக யாரும் கிடைக்கவில்லை. உடைந்தது நம்பிக்கை. சொன்ன சொல்லுக்குப் பணம் தர மறுத்தவர்கள் மேல் வழக்கும் மனத்தாங்கலும் ஆண்டுக்கணக்கில் ஓடின. எனக்கும் கோல்ட்கார் சொல்வதுதான் சரியென்று படுகிறது. பேராசைக்குப் புத்தி சொல்லத் தோதான கதை என்பதால்தான் பழையது இன்னும் சாகாமல் இருக்கிறது.

மல்லிகையில் இப்படி ஒரு காற்று வியாபாரம் நடக்க வழியில்லை. விடிவதற்கு முன் பறித்த மொட்டு அன்று மாலையே விரியும். மறுநாள் காலையில் அது சரக்கே அல்ல. அடுத்த கோடைக்கென்று மல்லிகையை எழுதிக்கொடுப்பவரும் இல்லை, வாங்குபவரும் இல்லை.

ஆனால் வருங்கால விளைச்சலை இன்றே கட்டிப்போட இன்னொரு வழி இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

✽

படச்சுருள்களில் இன்னொரு காட்சி. வயல் கிடையாது. தண்ணீர்.

ஆம்ஸ்டர்டாமுக்குத் தென்மேற்கே ஆல்ஸ்மேர் என்ற ஏரிக்கரை ஊர். ஒரு காலத்தில் ஸ்ட்ராபெரிப் பழத்துக்குப் பேர்போனது. பிறகு கண்ணாடிக் குடில்களில் லைலாக்கும் ரோஜாவும் வளர்க்க ஆரம்பித்தார்கள். தெருவுக்குப் பதில் கால்வாய், வண்டிக்குப் பதில் தட்டைப் படகு. இங்கே வேரையோ கிழங்கையோ விற்கவில்லை, காம்போடு வெட்டிய பூவையே விற்றார்கள். ஆகவே ஆல்ஸ்மேர் விவசாயியின் கவலை ஹார்லெம் விவசாயியின் கவலையாக இருக்கவில்லை. அது நம் ஊர்க்காரரின் கவலை. இன்று விற்காவிட்டால் இல்லை.

பூவைப் படகில் ஏற்றி ஆம்ஸ்டர்டாமுக்குக் கொண்டுபோனால் வியாபாரிகள் தனித்தனியாகப் பேரம் பேசுவார்கள். பக்கத்துப் படகுக்காரனுக்கு என்ன கொடுத்தார்கள் என்பது இவருக்குத் தெரியாது. நேரமாக ஆகப் பூ வாடும். வாடுவது வியாபாரிக்கும் தெரியும். பேசாமல் நின்றாலே விலை இறங்கும்.

இதற்கு மருந்து பூவிலிருந்து வரவில்லை, காலிஃபிளவரிலிருந்து வந்தது. 1887-ல், வடக்கே ப்ரூக் ஆப் லாங்கடைக் என்ற ஊரில், காய் ஏற்றிவந்த ஒரு படகைச் சுற்றி வியாபாரிகள் போட்டிபோட, சரக்கை ஏலத்தில் விட்டார்கள். அது பழக்கமாகி, பிறகு கூடமாகி, விவசாயிகளே சங்கம் சேர்ந்து நடத்தும் ஏலமாகிவிட்டது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் கூடங்களுக்குள் ஒரு விசித்திரமான கடிகாரமும் வந்து சேர்ந்தது.

அந்தக் கடிகாரம் மணி காட்டாது, விலை காட்டும். முள் உச்சியில் தொடங்கும். அங்கிருந்து இறங்கிக்கொண்டே வரும். படிக்கட்டு வரிசையில் உட்கார்ந்திருக்கும் வியாபாரிகள் ஒவ்வொருவர் கையருகிலும் ஒரு பொத்தான். முதலில் அழுத்துபவருக்குச் சரக்கு. முள் நின்ற இடம்தான் விலை.

நம் ஊர் ஏலத்தில் ஒருவர் கேட்டதைக் கேட்டு இன்னொருவர் கூட்டுவார். பொழுது போகும், வம்பும் வளரும். இங்கே ஒரே ஒரு சைகை, சில நொடி, அடுத்த சரக்கு. காத்திருந்தால் மலிவாகக் கிடைக்கும். காத்திருந்தால் பக்கத்தில் இருப்பவன் அழுத்திவிடுவான். பூ வாடும் அவசரத்தால் வதைபட்டவர் அதுவரை விவசாயி. கடிகாரம் அந்த அவசரத்தை வியாபாரியின் விரலுக்கு மாற்றிவிட்டது.

ஆல்ஸ்மேரில் தீர்மானமான காலம் 1911-ன் இறுதி. ஊரின் கிழக்கு முனையில் ஒரு கூட்டம், நடுவூரில் இன்னொரு கூட்டம். இரண்டும் மதுக்கூடங்களில் நடந்தன. டச்சுப் பூவின் வரலாற்றில் மதுக்கூடம் இல்லாமல் எதுவும் நடக்காது போலிருக்கிறது. இரண்டு சங்கங்கள் பிறந்தன. ஒன்றின் பெயர் ப்ளூமன்லஸ்ட். மற்றது ஆல்ஸ்மேர் மத்திய ஏலம். ஒரே ஊரில் ஒன்றுக்கொன்று போட்டியாக ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடி, 1968-ல்தான் ஒன்றாயின. 1972-ல் எழுந்த புதுக் கட்டடம் பரப்பளவில் உலகின் மிகப் பெரியவற்றில் ஒன்றாக வளர்ந்தது.

கட்டடத்தையும் கடிகாரத்தையும் பார்த்து எல்லோரும் வியக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இந்த டச்சுச் சங்கங்களுக்கு முதுகெலும்பாக இருந்த ஒரு விதி. உறுப்பினரானவர் தன் விளைச்சல் முழுவதையும் ஏலத்துக்குத்தான் கொண்டுவர வேண்டும். நல்ல விலை சொல்லும் வியாபாரிக்குப் பின்வாசல் வழியாகக் கொடுக்கக் கூடாது.

இந்த விதிக்குத் தலையாட்ட ஒரு விவசாயிக்கு என்ன வேண்டும்? எந்த வியாபாரிக்கும் அவர் கடன்பட்டிருக்கக் கூடாது.

✽

இப்போது மதுரை.

இந்தச் சமவெளியில் மல்லிகையின் நாள் நள்ளிரவுக்குப் பின் தொடங்குகிறது. நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு, இடுப்பில் துணியை மடித்துக் கட்டி, வரிசை வரிசையாகப் பெண்கள் பூ எடுக்கிறார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. இன்று மாலை விரியப்போகும் மொட்டு எது, நாளைக்கு விட வேண்டியது எது என்பதை விரல் முடிவு செய்யும். தவறி நாளைய மொட்டைக் கிள்ளினால் இரண்டு நாள் வருமானமும் குறையும்.

செடிகளில் பெரும்பாலானவற்றின் பூர்வீகம் ராமேசுவரம் தீவு. தங்கச்சிமடத்து மணலில் வேர்பிடித்த நாற்றுகளைத்தான் வாங்கிவந்து நடுகிறார்கள். கார்த்திகை வாக்கில் கவாத்து. பங்குனி தொடங்கிப் பூ கொட்டும். மார்கழிப் பனியில் மொட்டு அரிதாகும்.

விடியும்போது பூ மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு வந்துவிடும். பஸ்ஸின் கூரையில், ஆட்டோவில், டூவீலரின் பின்சீட்டில், ஈரச் சாக்கில். ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு கமிஷன் கடை. பெரும்பாலும் அப்பா காலத்திலிருந்தே அந்தக் கடைதான்.

“இன்னைக்கு என்னண்ணே போகுது?”

“வரத்து கூடிருச்சுப்பா. பார்ப்போம்.”

இந்தப் ‘பார்ப்போம்’தான் மதுரையின் கடிகாரம். அதற்கு முள் கிடையாது. நிலக்கோட்டைச் சந்தையில் என்ன போகிறது, நாளைக்கு முகூர்த்தமா, விமானத்துக்கு எவ்வளவு போகிறது, வெளியூர் வியாபாரி வந்தாரா என்பதையெல்லாம் கடைக்காரர் தலைக்குள் கூட்டிக் கழிக்கிறார். ஒரே காலையில் விலை பலமுறை மாறும். பொங்கலுக்கு முன்னால் கிலோ ஆயிரங்களைத் தொட்ட அதே மல்லிகை, சித்திரை வரத்தில் சில நூறுக்கு இறங்கி, மிச்சம் சென்ட் பேக்டரிக்குப் போகும்.

கடைக்காரரை வில்லனாக்கிவிட்டுப் போவது எளிது. நான் செய்ய மாட்டேன். நாற்று வாங்க, போர் போட, பெண்ணைக் கட்டிக்கொடுக்க, ஆஸ்பத்திரிக்குப் போக என்று விவசாயி ராத்திரியில் கேட்டாலும் ஜாமீன் இல்லாமல் பணம் எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். எந்த வங்கி அப்படிக் கொடுக்கும்? கொடுத்த பணத்துக்கு அவர் கேட்கும் கட்டுப்பாடு ஒன்றே ஒன்று. பூ இந்தக் கடைக்கே வர வேண்டும்.

நான் பிறகு வருகிறேன் என்று சொன்னது இந்த முன்பணத்தைத்தான். நாளை மறுநாள் பூக்கப்போகும் மொட்டை யாராலும் விற்க முடியாது. பூக்க வைப்பவரைக் கடனால் கட்டிவைக்கலாம். ஆல்ஸ்மேரில் விளைச்சல் முழுவதும் ஓரிடத்துக்கு வரவேண்டும் என்று சொன்னது சங்கம். மதுரையிலும் விளைச்சல் முழுவதும் ஓரிடத்துக்குத்தான் வருகிறது. சொல்வது கடைக் கணக்கு நோட்டு.

✽

சட்டம் இல்லாமலா போயிற்று? இருந்தது, அதுவும் ஆல்ஸ்மேருக்கு முன்பே. கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் 1904-ல் வந்தது. அதே ஆண்டு மெட்ராஸ் மாகாணத்தில் திரூரில் முதல் சங்கம் தொடங்கியது. இடைத்தரகரைக் கட்டுப்படுத்த, 1933-ல் மெட்ராஸ் வணிகப் பயிர்கள் சந்தைச் சட்டம் வந்தது. அதன்கீழ் 1936-ல் திருப்பூரில் பருத்திக்கென்று முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் திறந்தார்கள். பருத்தி, நிலக்கடலை, புகையிலை என்று அந்தச் சட்டம் பெயர் சொல்லித் தொடங்கியது. பூ அந்த வரிசையில் இடம்பெறவில்லை.

பிறகு 1999 நவம்பர் 14. தரகர் இல்லாமல் விவசாயியே நேராக விற்கும் உழவர் சந்தை என்ற திட்டத்தை முதலமைச்சர் கருணாநிதி தொடங்கிவைத்தார். முதல் சந்தை வேறெங்கும் இல்லை, இதே மதுரையில், அண்ணா நகரில். கத்தரிக்காயும் கீரையும் தரகரிடமிருந்து கொஞ்சம் விடுபட்டன. மல்லிகை மூட்டை வழக்கமான கடை வாசலிலேயே இறங்கியது. மூட்டை மூட்டையாக வரும் மொட்டை முழம் போட்டு விற்க விவசாயிக்கு ஏது நேரம்? அவருக்கு வேண்டியிருந்தது சில்லறைச் சந்தையல்ல, மொத்தமாக அரைமணியில் எடுத்துக்கொள்ளும் ஏலம்.

2013-ல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரே கொண்டாடியது, நியாயம்தான். வேறு ஊர்ப் பூவை இந்தப் பெயரில் விற்க முடியாது. இந்தப் பூவை இன்ன விலைக்குக் கீழே விற்கக் கூடாது என்று அந்தச் சான்றிதழில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

கடனும் காலமும் சேர்ந்து கட்டிவைத்தால் எந்த விவசாயியாலும் சங்கம் சேர முடியாது, ஏலம் நடத்த முடியாது என்று இத்தோடு முடித்துவிட்டிருப்பேன். ஆனால் தமிழ்நாட்டு வரைபடத்தில் மேற்கே கொஞ்சம் நகர்ந்தால் இந்த முடிவு நொறுங்குகிறது.

பவானி ஆற்றங்கரையில், ஈரோடு மாவட்டம் சத்தியமங்கலம். அங்கேயும் மல்லிகைதான். அதே நள்ளிரவு, அதே மொட்டு, மாலைக்குள் விரிந்துவிடும் அதே அவசரம். அங்கே விவசாயிகள் சங்கம் சேர்ந்து தாங்களே பூச்சந்தை நடத்துகிறார்கள். தினமும் ஏலம் விடுகிறார்கள். ஏலத்தில் போன விலை மறுநாள் பத்திரிகையில் வருகிறது. கடிகாரம் இல்லை, ஆம்ஸ்டர்டாம் இல்லை, கட்டடமும் பெரிதில்லை. 1911-ல் ஆல்ஸ்மேர் மதுக்கூடத்தில் எடுத்த முடிவைப் பவானிக் கரைக்காரர்கள் தங்கள் போக்கில் எடுத்திருக்கிறார்கள்.

பவானிக் கரையில் அந்த முடிவை எடுக்க வைத்தது எது? கோயிலும் முகூர்த்தமும் விமானமும் பக்கத்திலேயே வைத்திருக்கும் வைகைக் கரையில் அதைத் தடுத்தது எது? முன்பணம் ஒன்றே காரணமென்றால், சத்தியமங்கலத்தில் கடன் வாங்காத விவசாயி மட்டுந்தான் பூ நட்டாரா?

(அடுத்த வாரம்: சத்தியமங்கலத்துக்குப் போகும் பஸ்)